மாதன் வூட்டு நெருப்பு

சீத்தாப்பழம் யாருக்காகவும் காத்துக்கினு இருக்காது. காலையில கல்லாட்டம் இருக்கும், மறுநா சாயங்காலம் தொட்டா விரலு உள்ள போவும். எம்பத்தேழாம் வருசம் செப்டம்பர் மாசம், கல்வராயன் மலை மேல பதினாறு கூடை சீத்தாப்பழத்த வச்சிக்கினு நான் மாட்டிக்கினேன். கீழ ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்கன்னு சேதி. கீழ ஒரு சாதிக்காரங்க, படிப்புலயும் வேலையிலயும் எங்களுக்குத் தனியா பங்கு ஒதுக்குன்னு கேட்டு ஒரு வாரம் மறியல். உளுந்தூர்பேட்டையில லாரிங்க மைல் கணக்குல நிக்குதாம். சின்னசேலம் ஸ்டேஷன்ல ரயிலே வரலியாம். கள்ளக்குறிச்சியில ஒரு டீக்கடை கூட தெறக்கலியாம். கேக்கறவங்க பக்கம் நியாயம் இருக்குதா இல்லியான்னு யோசிக்கிற நெலமையில நான் இல்ல. என் மனசெல்லாம் கூடையில கெடந்துச்சு.

நான் ஜுல்பிகர். கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுல பழக்கடை. எங்க அத்தா காலத்துலேருந்தே மலைப் பழம்தான் எங்களுக்கு யாவாரம். அத்தா கழுத மேல ஏத்திக்கினு வந்தாரு, நான் ஒரு ஓட்ட ஜீப்ப வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான் முன்னேத்தம். மலைக்குப் போனா தங்கறது மாதன் வூட்டுலதான். வெள்ளிமலை தாண்டி, ரோடு முடிஞ்ச எடத்துலேருந்து கூப்புடு தூரம். மண்ணு செவுரு, புல்லு வேய்ஞ்ச கூரை. மாதனுக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவரு பொண்டாட்டி பெருமாயி. ஒரே மவன் அருள், இருவது வயசு. மூணு பேரு, ஒரு மாடு, சாமைக் கொல்லை, நாலு சீத்தா மரம்.

அப்பறம் அடுப்பு. அத நாலாவது ஆளுன்னே சொல்லலாம். வூட்டுக்கு நட்ட நடுவுல கல்லு மூணு கூட்டி வச்சிருப்பாங்க. அந்த நெருப்பு அணையறதே கெடையாது. ராத்திரி சாம்பல போத்தி தூங்க வைப்பாங்க, காலையில சாம்பல வெலக்கி எழுப்புவாங்க. அதுக்குப் பேரு அடுப்பாயி. மலையில எல்லா வூட்டுலயும் இது இல்ல, மாதன் பங்காளிங்க நாலஞ்சு வூட்டுல மட்டும்தான். அவங்களுக்கு வூட்டக் காக்கற சாமி அதுதான். வேற கோயிலு கொளம்னு இருந்தாலும் அதெல்லாம் ஊருக்கு, அடுப்பாயி வூட்டுக்கு. சோறு வெந்தா மொத கரண்டி அதுக்கு. அத தாண்டக்கூடாது, கால நீட்டக்கூடாது, அதுக்கு முன்னால சண்ட போடக்கூடாது. பெருமாயி அக்காவுக்கு மாதன் மேல கோவம் வந்தா வாசல்ல போய் நின்னுக்கினு திட்டும். திட்டி முடிச்சிட்டு உள்ள வந்து, ஒண்ணும் நடக்காத மாதிரி சோறு போடும்.

எனக்கு வெனை மொதல்லயே ஒருநா வந்துச்சு. பீடி பத்த வைக்க அடுப்புலேருந்து ஒரு கொள்ளிய உருவிட்டேன்.

"யாரு வூட்டு நெருப்பு அது?" ன்னு பெருமாயி அக்கா கேட்டுச்சு.

"இன்னாக்கா இது, உன் வூட்டுதுதான்."

"அப்படிச் சொல்லக்கூடாது பாயி. மாதன் வூட்டு நெருப்புன்னு சொல்லு."

"பீடிக்கு இவ்ளோ சடங்கா?"

"சொல்லிட்டு இழு. இல்லாட்டி கீழ வச்சிட்டு வெளிய போய் தீக்குச்சி கிழிச்சிக்கோ."

சொன்னேன். மாதன் செவுத்துல சாஞ்சிக்கினு சிரிச்சாரு. அப்பறம் சிரிப்ப நிறுத்திட்டு சொன்னாரு. "எங்க சின்னப்பன் ஒருத்தரு காட்டுல சோறாக்கினு இருந்தாரு பாயி. வூட்டு நெருப்ப சட்டியில கொண்டும்போயி ஆக்குனது. ஆபீசருங்க ரெண்டு பேரு வந்து, எவன்டா காட்டுல நெருப்பு வச்சதுன்னு கேட்டாங்க. பயந்துக்கினு, எனக்குத் தெரியாது, என்னுது இல்லன்னுட்டாரு. அந்த வருசத்துல அந்த வூட்டுல நாலு பேரு போய்ச் சேந்தாங்க. இல்லன்னு சொன்னவன் வூட்டுல அவ இருக்க மாட்டா. எவன் கேட்டாலும் என்னுதுன்னுதான் சொல்லணும்."

நான் மூஞ்ச திருப்பிக்கினேன். எங்களுக்கு நெருப்பு சாமி கெடையாது. ஆனா அவங்க வூட்டுல உக்காந்து அவங்க சோத்த தின்னுக்கினு அவங்ககிட்ட வாதம் பண்றதுக்கு எனக்கு இன்னா வந்துச்சு. சாமை சோறும் மொச்சக்கொட்டை கொழம்பும் போட்டா, நான் எதையும் நம்பிடற ஆளு.

மறியல் ஆரம்பிச்சி மூணாவது நாளு. சாரல் வுட்டு வெயிலு காட்டுச்சு. வூடு பூரா பழுத்த சீத்தா வாசன. ஈ மொய்க்குது. நான் கூடைங்கள நெழலுக்கு நெழலு மாத்தி வச்சிக்கினு, போராட்டக்காரங்க, போலீசு, கவர்மெண்டுன்னு ஒருத்தர் பாக்கியில்லாம வஞ்சிக்கினு இருந்தேன். பெருமாயி அக்கா மொறத்துல சாமைய பொடைச்சிக்கினே, "வுடு பாயி. எங்க மாடு தின்னும்" னு சொல்லுச்சு. எனக்கு ஆறுதல் சொன்னதா அது நெனச்சிக்கினு இருந்துச்சு.

மாதனும் அருளும் விடியக்காலமே கொல்லைக்குப் போயிட்டாங்க. சாமை முத்திடுச்சு, இன்னும் நாலு நாளு வுட்டா உதுந்துடும். ரெண்டு பேரும் குனிஞ்சி அறுத்துக்கினே போறது மேலருந்து எனக்கு தெரிஞ்சுது. அருளு வேகமான கை. அப்பன முந்திக்கினு போவான், போயிட்டு திரும்பிப் பாத்து கிண்டல் பண்ணுவான்.

ஒம்போது மணி இருக்கும். மாதன் அருள முதுவுல போட்டுக்கினு ஏறி வந்தாரு. அந்த மேட்டுல வெறுங்கையோட ஏறுனாலே எனக்கு மூச்சு வாங்கும்.

"விரியன்" னாரு மாதன். "கத்தைக்கு அடியில இருந்திருக்குது. அள்ளும்போது கால்ல போட்டுடுச்சு."

கணுக்காலுக்கு மேல ரெண்டு பொட்டு. கொஞ்சம்தான் வீங்கி இருந்துச்சு. துண்ட கட்டியிருந்தாரு. அருளு மொகத்துல சிரிக்கிற மாதிரி ஒண்ணு. "ஒண்ணுமில்ல பாயி, எரியுது அவ்ளோதான்" னான். எங்க கூலிக்காரன் ஒருத்தன் இப்படித்தான் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கினே சாயங்காலம் ரத்தமா வாந்தி எடுத்து செத்தான். விரியனுக்கு மந்திரமும் இல்ல, பச்சலையும் இல்ல. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில ஊசி இருக்குது. மத்தியானத்துக்குள்ள போயாவணும்.

"ஏத்துண்ணே வண்டியில" ன்னு கத்திக்கினே ஓடி, பதினாறு கூடையயும் தூக்கி வெளிய வீசுனேன். பழமெல்லாம் செதறிப்போச்சு. திரும்பிப் பாக்கறேன், மாதன காணோம். உள்ள போயி பாத்தா அடுப்பு முன்னால குந்திக்கினு, சட்டியில சாம்பல பரப்பி, கங்க ஒண்ணொண்ணா பொறுக்கி வைக்கிறாரு. மேல வரட்டி துண்டு. அதுக்கு மேல சாம்பல். பெருமாயி அக்கா அள்ளிக் குடுக்குது.

"இன்னாண்ணே பண்ற, பையன் அங்க சாவக் கெடக்கறான்."

"உசுருக்கு ஆவத்துன்னு ஒருத்தன் வூட்ட வுட்டுக் கெளம்புனா அடுப்பாயி கூடப் போவணும் பாயி. இல்லாட்டி அவனுக்குத் திரும்பி வர வழி தெரியாது."

"வழி நான் காட்றேன். எனக்குத் தெரியும் வழி."

"உனக்குத் தெரிஞ்சது ரோடு" ன்னாரு. சண்டைக்கு சொல்லல. சாதாரணமா சொன்னாரு.

அஞ்சு நிமிசம் போச்சு. பெருமாயி அக்கா வரல. ரெண்டு பேரும் வூட்ட வுட்டுப் போவக்கூடாது, மிச்ச நெருப்ப காக்க ஒருத்தர் இருக்கணும். அக்கா ஜீப்பு ஓரமா வந்து மவன் தலைய தடவிட்டு, "சீக்கிரம் வந்துடு சாமி" ன்னுச்சு. யாரப் பாத்து சொல்லுச்சுன்னு தெரியல. பையனயும் பாத்துச்சு, சட்டியயும் பாத்துச்சு.

மலை எறங்கும்போது அருளு பேசிக்கினுதான் வந்தான். கோமுகி டேம் தண்ணி தெரியற எடத்துல பேச்ச நிறுத்திட்டான். கண்ணாடியில பாத்தேன். ஈறுலேருந்து ரத்தம் கசியுது. மாதன் அவன் தலைய மடியில வச்சிக்கினு, சட்டிய ரெண்டு பாதத்துக்கும் நடுவுல இடுக்கிப் புடிச்சிக்கினு குந்தியிருக்காரு. புகை கண்ணுல ஏறி எனக்கு ரோடு தெரியல.

"அத தூக்கி வெளிய போடுண்ணே."

"நீ ஓட்டு பாயி."

கச்சிராயபாளையம் தாண்டி கொஞ்ச தூரத்துல ரோட்டுக்குக் குறுக்க புளியமரம். வெட்டுன எடம் செவப்பா ஈரமா இருந்துச்சு. இருவது முப்பது பேரு கோடாலியோட நிக்கிறாங்க. நான் கைய எடுத்து கும்புட்டுக்கினே எறங்கினேன். அவங்கள்ள ஒருத்தன், கந்தசாமின்னு கூப்புட்டாங்க, என் வயசுதான் இருக்கும், கிட்ட வந்து அருளோட கால பாத்தான். அதுக்குள்ள முட்டி வரைக்கும் ஊதி கருத்துப் போயிருந்துச்சு.

"டேய், கிளைய கழிங்கடா, வண்டி போவட்டும்" னான். மூணு நாளா அவங்கள வஞ்ச வாயிதான் இது. பத்து பேரு பாஞ்சி வந்து கிளைய வெட்டி, வண்டிய தூக்காத கொறையா ஓரமா தள்ளி வுட்டாங்க. ஒருத்தன் தண்ணி குடுத்தான். மனுசன் மனுசன்தான்யா, வேற இன்னா சொல்ல.

கந்தசாமி உள்ள எட்டிப் பாத்து, "இன்னா சட்டி இது?" ன்னான்.

"எங்க வூட்டு நெருப்புங்க" ன்னாரு மாதன்.

கந்தசாமி மொகம் மாறிப் போச்சு. என்ன தனியா இழுத்துக்கினு போனான். "பாயி, இன்னிக்கு நெருப்ப எடுத்துக்கினு இந்த ரோட்டுல போவாதீங்க. காலையில முன்னால ஒரு எடத்துல ரெண்டு கூரை எரிஞ்சிருக்குது. எவன் வச்சான்னு எங்களுக்கே தெரியல. போலீசு வெறி புடிச்சி தேடிக்கினு இருக்குது. தண்ணிய ஊத்தி அணைச்சிட்டுப் போங்க."

ரேடியேட்டருக்கு ஊத்த வச்சிருந்த தண்ணி கேனு என் கால்கிட்டயே இருந்துச்சு. நான் அத எடுத்தேன். மாதன் என்ன பாத்தாரு. தடுக்கல, கைய நீட்டல. மடியில பையன் தலை கெடக்குது, சட்டி கால் நடுவுல கெடக்குது, அந்த மனுசன் ரெண்டயும் மாத்தி மாத்தி பாக்கறாரு. என்னால ஊத்த முடியல. எனக்குச் சாமியில்லாத ஒண்ணுக்கு நான் ஏன் பயந்தேன்னு இன்னிக்கு வரைக்கும் என்னய நானே கேட்டுக்கறேன். ஊத்தியிருக்கணும். சண்டாளன், நான் ஊத்தியிருக்கணும். ஒரு கை தண்ணி போதும். ஊத்தாம கேன வச்சிட்டு வண்டிய எடுத்தேன்.

ரெண்டு மைலு கூட போவல. ரோட்டோரம் எரிஞ்ச கூரைங்க தெரிஞ்சுது. செவுரு மட்டும் கருப்பா நிக்குது. ஒரு பொம்பள தலைவிரி கோலமா பானைத் துண்டுங்கள கெளறிக்கினு இருக்குது. போலீசு லாரி ஒண்ணு, லத்தி வச்சிக்கினு பத்து பன்னெண்டு பேரு. ஆபீசரு ஒருத்தரு, ராத்திரியெல்லாம் தூங்காத கண்ணு. லாரியில ஏற்கெனவே ஏழெட்டு பேர புடிச்சி ஏத்தியிருந்தாங்க. அவங்க யாரும் வச்சேன்னு ஒத்துக்கல போலருக்குது.

வண்டிய நிறுத்துனாங்க. பாம்புக்கடி சார்னேன். ஒரு போலீசுக்காரரு பின்னால போயி பாத்துட்டு, "சார், நெருப்பு" ன்னு கூப்புட்டாரு. அவ்ளோதான். எல்லாரும் ஓடியாந்து வண்டிய சுத்திக்கினாங்க.

ஆபீசரு சட்டிய பாத்தாரு. சாம்பல லத்தியால கெளறுனாரு. உள்ள கங்கு செவப்பா இருந்துச்சு.

"யாருதுடா இது?"

மாதன் வாயத் தெறக்கறதுக்குள்ள நான் பேசணும்னு நெனச்சேன். "சார், அது அவங்க சாமி சார், வூட்டுலேருந்து" ன்னு ஆரம்பிச்சேன். "உன்ன கேக்கல" ன்னாரு.

"என்னுதுங்க சாமி" ன்னாரு மாதன். "மாதன் வூட்டு நெருப்பு."

"நீதான் கொண்டாந்தியா?"

"நாந்தான் கொண்டாந்தேனுங்க."

"எங்கேருந்து?"

"மலையிலேருந்துங்க."

"மலையிலேருந்து நெருப்ப சட்டியில போட்டு இங்க வரைக்கும் தூக்கிக்கினு வந்த. இன்னாத்துக்கு? இங்க தீப்பொட்டி கெடைக்கலியா?"

மாதனுக்கு அந்தக் கேள்வி புரியல. "கூட வரணுமுங்க" ன்னாரு.

ஆபீசரு திரும்பி அந்தக் கூரைங்கள பாத்தாரு, அந்தப் பொம்பளய பாத்தாரு. "எழுதிக்கய்யா" ன்னாரு பக்கத்துல இருந்தவருகிட்ட. "நெருப்பு தன்னுதுன்னு ஒத்துக்கறான், தானே கொண்டாந்ததா ஒத்துக்கறான்." மாதன் தலைய ஆட்டுனாரு, சரியா எழுதறாங்கன்னு. காலையில எரிஞ்ச கூரைக்கும் இப்ப வந்த சட்டிக்கும் இன்னா சம்மந்தம், நேரத்த பாருங்க சார்னு கத்தணும். கத்தல.

"எல்லாத்தயும் எறக்கு. வண்டிய ஸ்டேஷனுக்கு வுடு. கூட வந்தவங்களயும் ஏத்து" ன்னாரு ஆபீசரு.

அப்ப அருளு வாந்தி எடுத்தான். எல்லாம் ரத்தம்.

ஆபீசரு என்ன பாத்து கேட்டாரு. "இவன் உன் கூட வந்த ஆளா?"

நான் மாதன பாக்கல. பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன். "இல்ல சார். வழியில கைய காட்டி ஏறுனவன். யாருன்னு தெரியாது."

"பையன்?"

"என் கடை ஆளு சார். ஊசி போடலன்னா செத்துடுவான் சார்."

பத்து வருசம் அந்த மனுசன் வூட்டு சோத்த தின்ன வாயி அது. மாதன் இப்ப திரும்பி, இன்னா பாயி இப்படி சொல்றன்னு ஒரு வார்த்த கேட்டா போதும், மூணு பேரும் லாரியில ஏறணும், அருளு லாரியிலயே செத்துடுவான். ஆபீசருக்கும் சந்தேகம். மாதன் மடியிலதான பையன் தலை கெடக்குது.

"இந்தப் பையன் உனக்கு யாரு?" ன்னு மாதனயே கேட்டாரு.

நெருப்ப என்னுதுன்னு சொல்ல அவருக்கு ஒரு நொடி ஆவல. இதுக்கு நேரமாச்சு. அருளோட தலைய மெதுவா தூக்கினாரு. தோளுல இருந்த துண்ட சுருட்டி அடியில வச்சி, தலைய அதும் மேல எறக்குனாரு. வாயில இருந்த ரத்தத்த கையால தொடச்சாரு. அப்பறம் வண்டிய வுட்டு எறங்கி நின்னாரு.

"தெரியாதுங்க" ன்னாரு. "வழியில ஏறுனேன். மடியில சாஞ்சிக்கினான்."

அருளு கண்ண மூடிக்கினு கெடந்தான். அவன் காதுல அது வுழுந்துச்சான்னு நான் கேட்டதில்ல, அவனும் சொன்னதில்ல.

ஆபீசரு கெட்டவரு இல்ல, அதயும் சொல்லிடணும். "போய்யா போ, நிக்காத" ன்னு என்ன வெரட்டுனாரு. முன்னால இருந்த ஒரு மரத்த தள்ளிவுட ரெண்டு போலீசுக்காரங்கள கூட அனுப்புனாரு. வண்டி நவுரும்போது கண்ணாடியில பாத்தேன். ஒருத்தரு சட்டியில தண்ணிய ஊத்துனாரு. வெள்ளையா ஆவி எழும்புச்சு. மாதன் அதப் பாக்கல. வண்டியவே பாத்துக்கினு நின்னாரு.

பன்னெண்டரைக்கு ஆஸ்பத்திரி. டாக்டரு கால பாத்துட்டு, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா கைய விரிச்சிருப்பேன்னாரு. பதினாலு பாட்டிலு ஊசி மருந்து ஏறுச்சு. அருளு பொழச்சான்.

வூட்டுக்குப் போனேன். என் பொண்டாட்டி அப்சானா சட்டையில ரத்தத்த பாத்துட்டு பதறிப் போச்சு. எல்லாத்தயும் சொன்னேன். சோறு போட்டுக்கினே கேட்டுக்கினு இருந்துச்சு. கடைசியில கரண்டிய வச்சிட்டு, "போய் சொல்லுங்க. அவரு மவன்னு சொல்லுங்க. இன்னிக்கே போங்க" ன்னுச்சு.

அன்னிக்கே போவல. ஊரு இருந்த இருப்புல பயம். மறியல் முடிஞ்ச பெறவு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க இருந்த ஏட்டு பொறுமையா கேட்டாரு. அப்பறம் காயிதத்த பெரட்டிப் பாத்து, "வழியில ஏறுன ஆளு, யாருன்னு தெரியாதுன்னு ஜீப்பு டிரைவரு சொன்னதா இருக்குது. அந்த டிரைவரு நீதானே? இப்ப தெரியும்னு சொன்னா உன்னயும் அவன் கூட சேக்கணும். சேக்கட்டா?" ன்னாரு. நான் எழுந்து வந்துட்டேன். சொல்றதுக்கே வெக்கமா இருக்குது. எழுந்து வந்துட்டேன்.

அஞ்சாம் நாளு பெருமாயி அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. பங்காளி வூட்டுல ஒருத்தர அடுப்புக்கு வச்சிட்டு, மலையிலேருந்து நடந்தே வந்திருக்குது. காலெல்லாம் வெடிப்பு. மவன பாத்துச்சு, தொட்டுச்சு, கஞ்சி ஊத்துச்சு. அப்பறம் வெளிய வராண்டாவுக்கு வந்து என்ன கேட்டுச்சு.

"அவரு எங்க பாயி?"

சொன்னேன். ஒண்ணயும் மறைக்கல. நான் சொன்ன பொய்யயும் சொன்னேன். அக்கா என்ன காறித் துப்பும்னு நெனச்சேன். துப்பியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

"நெருப்ப இன்னான்னு சொன்னாரு?"

"என்னுதுதான்னு சொன்னாருக்கா."

"பையன?"

"தெரியாதுன்னாரு."

அக்கா அப்படியே தரையில உக்காந்துடுச்சு. முந்தானைய வாயில வச்சி அடைச்சிக்கிச்சு. சத்தம் வரல, ஒடம்பு மட்டும் குலுங்குச்சு. நர்சம்மா ஒண்ணு ஓடியாந்து, பையன் போயிட்டானா இன்னாம்மான்னு கேட்டுச்சு. இல்லம்மா, பொழச்சிக்கினான்னு நான் சொன்னேன்.

மாதன கடலூர் ஜெயில்ல வச்சிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச வக்கீலு ஒருத்தரு இருந்தாரு, வேடியப்பன்னு பேரு. அவரு கேஸ் கட்ட பாத்துட்டு, "ஒண்ணுமே இல்ல பாய் இதுல. அன்னிக்கு மத்தியானம் பையன் பாம்புக்கடியில சேந்ததுக்கு ஆஸ்பத்திரி சீட்டு இருக்குது. கூரை எரிஞ்சது விடியக்காலம். இந்த ஆளு தன் மவன தூக்கிக்கினு வந்தாருன்னு நிரூபிச்சா முடிஞ்சிது. ஆனா அவரே வாயத் தெறந்து இவன் என் மவன்னு சொல்லணும். நான் ரெண்டு தபா போயிட்டேன். எனக்கு மவனே இல்லன்றாரு. நீங்க கூட்டிக்கினு போங்க, நேர்ல பாத்தா சொல்லுவாரு" ன்னாரு.

அந்தக் கேச நானும் சும்மா வுடல. என்னயும் சேத்துக்கட்டும், பரவால்ல, நான் சொன்னது பொய்யின்னு எழுதிக் குடுக்கறேன்னு வக்கீலுகிட்ட சொன்னேன். அப்சானா என்ன அந்த அளவுக்குத் தூங்க வுடல. வக்கீலு, நீங்க எழுதிக் குடுங்க, ஆனா அவரு இல்லன்னு சொல்லிக்கினே இருந்தா நீங்க எழுதறது நிக்காதுன்னாரு.

ரெண்டு மாசம் கழிச்சி, அருளு கோலு இல்லாம நடக்க ஆரம்பிச்சதும், மனு போட்டு பாக்கப் போனோம். நானும் அவனும். பஸ்ஸுல அருளு சன்னலோரமா உக்காந்துக்கினான். கடலூர் வந்ததும், "எங்கப்பா கடல பாத்திருப்பாரா பாயி?" ன்னான்.

கம்பி வலைக்கு அந்தாண்ட மாதன கொண்டாந்து நிறுத்துனாங்க. ஆளு பாதியாயிட்டாரு. தலை மயிர ஒட்ட வெட்டியிருந்தாங்க. வந்ததும் மொதல்ல என்ன பாத்தாரு, அப்பறம் அருள பாத்தாரு. பாத்த கண்ணு நேரா அவன் காலுக்குப் போச்சு. அங்கயே நின்னுச்சு.

"யப்பா" ன்னான் அருளு. வலைய புடிச்சிக்கினான்.

காவலுக்கு நின்ன வார்டரு, "உம் மவனாய்யா?" ன்னு சும்மா கேட்டாரு.

"இல்லைங்க" ன்னாரு மாதன். "யாருன்னு தெரியாதுங்க."

நான் வலைகிட்ட போயி, "அண்ணே, இனிமே பயமில்லண்ணே. வக்கீலு சொல்லிட்டாரு. அவன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. என் மவன்னு ஒரு வார்த்த சொல்லு, அடுத்த வாரம் வூட்டுக்குப் போயிடலாம்" னு கெஞ்சுனேன். அருளு அழுதுக்கினு நின்னான். மாதன் என்ன பாத்தாரு. கோவமே இல்ல அந்தப் பார்வையில. ஆனா என் வார்த்தைய நம்பல. நம்பறதுக்கு நான் இன்னா செஞ்சிருந்தேன்.

கூட இருந்த கைதிங்க யாரோ அவருகிட்ட சொல்லி வச்சிருக்காங்க, சொந்தக்காரன்னு தெரிஞ்சா அவனயும் உள்ள போடுவாங்கன்னு. அது எனக்கு அப்பறமா வக்கீலு மூலமா தெரிஞ்சுது.

மாதன் எங்களுக்கு மொகத்த காட்டாம வார்டரு பக்கம் திரும்பி நின்னுக்கினாரு. "சாமி, அன்னிக்கு வண்டியில ஒரு பையன பாம்பு கடிச்சிக் கெடந்துச்சுங்க. அதுக்குக் காலு நல்லாயிடுச்சான்னு இவங்ககிட்ட கேட்டு சொல்லுங்க" ன்னாரு.

வார்டரு ஒண்ணும் புரியாம எங்கள பாத்தாரு. நான் அருள பாத்தேன். அவன் அழுகைய நிறுத்திட்டான். சட்டையால மொகத்த தொடச்சிக்கினான். வலையிலேருந்து ஒரு அடி பின்னால போயி, அவங்கப்பனுக்குத் தெரியற மாதிரி கால ஊனி நின்னான்.

"நல்லாயிடுச்சுங்க" ன்னான் மாதனப் பாத்து. அப்பன வா போன்னு பேசற பையன். "வேல செய்யறேனுங்க. சாமைய அப்பவே பங்காளிங்க அறுத்து முடிச்சிட்டாங்கங்க."

மாதன் கேட்டுக்கினாரு. ஒரு தபா தலைய ஆட்டுனாரு. "சரிங்க" ன்னுட்டு, நேரம் முடியறதுக்கு முன்னாலயே உள்ள நடந்து போயிட்டாரு.

வார்டரு மனு சீட்ட எடுத்து வச்சிக்கினு எங்க ரெண்டு பேரயும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "அப்ப நீங்க யாரத்தான்யா பாக்க வந்தீங்க?" ன்னாரு.